பாதை ஓடிய ஆற்றில் பதினான்கு பேர்

உப்புவெளிக்காரி

போன ஆனியில் லண்டனிலிருந்து சின்ன மாமா குடும்பம் திருகோணமலைக்கு வந்திருந்தது. கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி எல்லாம் மூன்றே நாளில் முடிந்தன. நாலாம் நாள் காலையில் எல்லோரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் கிடந்தார்கள். அத்தான்தான் சொன்னார்: "மகாவலியில போட் பிடிச்சுப் போவம். ஒரு அவசரமும் இல்லாம, சும்மா."

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தா. "அந்த ஆத்தைக் காசு குடுத்துப் பாக்கிறதா?"

அவ கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பெரியம்மா கல்யாணமாகி மூதூருக்குப் போனவ. அந்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து தரைவழியே மூதூர் போவதென்றால் பாதை பாதையாக ஏறி இறங்க வேண்டும். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் பஸ், லொறி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.) கிண்ணியா, உப்பாறு, கங்கை (மகாவலியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்), இறால்குழி என்று துறைக்கு ஒன்று. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. 396 மீற்றர் நீளம், வான் வண்டியில் அரை நிமிடம்கூட ஆகாது. அதில் போகும்போது பிள்ளைகள் தலையைத் தூக்கவே இல்லை. பெரியம்மா மட்டும் ஒவ்வொரு பாலத்திலும் "இதில ஒருக்கா மூண்டு மணித்தியாலம் காய்ஞ்சனாங்கள்" என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தா.

கங்கைப் பாலத்துக்குக் கிட்ட மீன்பிடிக்கும் ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அத்தான் முதலே பேசி வைத்திருந்தார். நின்றது ஒரு ஃபைபர் போட். நாங்கள் பதினான்கு பேர். "ஏறுங்க, தாங்கும்" என்றார் நானா. அத்தான் லைஃப் ஜாக்கெட்டை எண்ணினார். எட்டு. அவ்வளவுதான், மனுசன் கரையை விட்டு அசையவில்லை. நானாவின் மச்சான் இரண்டாவது போட்டையும் மிச்ச ஜாக்கெட்டுகளையும் கொண்டுவர முக்கால் மணி நேரம் போனது. மாமா முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடுகிற ஆறு. கண்டியையும் மன்னம்பிட்டியையும் கடந்து, வெருகல் பக்கம் ஒரு கிளையைப் பிரித்துவிட்டு, கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. 1976இலிருந்து பொல்கொல்லவில் ஒரு பங்கை வடக்கே திருப்பிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு விக்டோரியா போன்ற அணைகளும் வந்துவிட்டன. எங்களுக்கு வந்து சேர்வது மிச்சம். ஆனி மாதத்தில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு கொத்து ஆற்றுவாழை எங்களைத் தாண்டிப் போனபோதுதான் ஓடுகிறது என்று புரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் நானா இஞ்சினை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு காதில் விழுந்தது மீன்கொத்தியின் கத்தலும், கரையில் நண்டுகள் சேற்றைக் கிளறும் சத்தமும்தான். மாமாவின் மகள் நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், அவளும் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டாள். நானா கையைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இனி உவர்," என்றார். உண்மைதான், அந்த வளைவுக்கு அப்பால் மரமெல்லாம் மாறிவிட்டது. மருதும் நாணலும் போய், வேர்களை விரல் மாதிரி ஊன்றிக்கொண்டு கண்டல் வந்தது. இடையில் நின்ற ஒரு தில்லை மரத்தின் கிளையைச் சின்னவன் எட்டிப் பிடிக்கப் போனான். நானா அதட்டினார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

முதலையை முதலில் பார்த்தது மாமா. "மரக்கட்டை கிடக்குது பாருங்கோ" என்று காட்டினார். கட்டை எங்களைப் பார்த்தது, பிறகு ஒரு சுழிகூட இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

ஆறு கடலில் சேரும் வாய்ப்பக்கம் போட் தரை தட்டிவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆற்றில் வரத்துக் குறைய, கடல் மணலைத் தள்ளி மேடாக்கிவிடுமாம். போன கிழமை இருந்த வழி இந்தக் கிழமை இல்லையாம். அந்தக் குடாவுக்கு அடியில் பெரும் பள்ளத்தாக்கே இருக்கிறது, திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியும். நாங்களோ முழங்கால் தண்ணீரில் சிக்கிக்கொண்டோம். மாமா காற்சட்டையை மடித்துக்கொண்டு எழும்பினார், இறங்கித் தள்ளுவதற்கு.

"இருங்க ஐயா. அது உங்களைப் பாத்து வெச்சிட்டுத்தான் போயிருக்கு," என்றார் நானா.

மாமா இருந்துவிட்டார். நீர் ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் பக்கத்து வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனாலும் அந்த ஒரு சாண் ஏற்றம் போதும் என்றார் நானா. சரி, பார்சலைப் பிரிப்போம் என்று மாமி சொன்னா. சோறு, இறால் பிரட்டல், கத்தரிக்காய் பால்கறி. இரண்டாவது போட்டை அருகே இழுத்துக் கட்டிக்கொண்டு, நானாவுக்கும் மச்சானுக்கும் கொடுத்து நாங்களும் சாப்பிட்டோம்.

அப்போதுதான் பெரியம்மா வாய் திறந்தா. கயிற்றைப் பிடித்துப் பாதையை இழுத்த ஆட்கள், துறையில் கச்சான் கடலை விற்ற கிழவி, ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிய பஸ் டிரைவர். பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னா: "வீட்டில மாமி, மச்சாள்மார், ஆக்கள் போக வர. எங்க கதைக்கிறது? துறையில காத்துக்கிடக்கேக்கதான் உங்கட பெரியப்பா என்னோட கதைப்பார். பாதை பிந்தினா எனக்குச் சந்தோசம்."

பெரியப்பா போய் ஒன்பது வருடம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. போட் தானாக ஒரு ஆட்டம் ஆடி மணலை விட்டு விலகியது.

கிண்ணியாக்காரன்

உங்கள் அத்தானுக்கு என் சலாம். அந்த முக்கால் மணி நேரத்தை ஒருபோதும் நட்டமாக நினைக்காதீர்கள். 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தபோது நான் ஊரில் இருந்தேன். பாலம் கட்டும் வேலை நடந்ததால் ஓடிய பாதை அது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் மௌத்தானார்கள். அகலமான ஆறுகூட இல்லை. கரையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த கரைக்குக் கேட்கும்.

போக நினைப்பவர்களுக்கு: விடிய ஆறு மணிக்கே இறங்குங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வாய்ப்பக்கம் அலை ஏறும், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது சரிப்படாது. வாடை மாதங்களில், அதாவது கார்த்திகை முதல் தை வரை, கங்கைப் பக்கமே போகாதீர்கள். மேலே மழை என்றால் இங்கே தண்ணீர் வயலுக்குள் நிற்கும்.

தம்பலகாமத்தான்

எங்கள் அனுபவம் வேறு. 2019 தொடக்கத்தில் கோயில் பயணமாகத் திருச்சி போனோம், பதினொரு பேர். அங்கிருந்து ரயிலில் கேரளாவுக்குப் போய் ஆலப்புழையில் படகுவீடு எடுத்தோம். கெட்டுவள்ளம் என்கிறார்கள். முன்பு நெல் ஏற்றிய வள்ளம், ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் கட்டிச் செய்வார்களாம். வள்ளத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த மரியாதை, உள்ளே தொலைக்காட்சியையும் ஏசியையும் பார்த்ததும் பாதியாகிவிட்டது.

ஆனால் குட்டநாட்டை மறக்க முடியாது. நான் வயற்காரன். அங்கே வயல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வள்ளத்தில் இருந்துகொண்டு வரம்புக்கு மேலால் குனிந்து நெல்லைப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் பெரிய தடுப்பணை கட்டி, கோடையில் மூடிவிடுகிறார்கள். மீன்பிடிப்பவர்களுக்கு அதில் கோபம் இருக்கிறது என்று சமையற்காரர் சொன்னார். இங்கேயும் அதே சண்டைதானே, ஒருவனுக்கு நன்னீர் வேண்டும், மற்றவனுக்கு உவர் வேண்டும்.

பின்னேரம் ஐந்தரைக்கு வள்ளத்தைக் கரையில் கட்டிவிட்டார்கள். இரவில் காயல், அதாவது அந்த உப்பங்கழி, வலை போடுபவர்களுக்கு. அப்புறம் விடியும்வரை அடுத்த வள்ளத்துக்காரரின் பாட்டைக் கேட்டுக்கொண்டு நுளம்போடு கிடந்தோம். வரிசையாக எத்தனை வள்ளங்கள்! ஊர்வலம் மாதிரி.

என் மனதில் நிற்பது மறுநாள் போனதுதான். ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசாங்கப் பயணிகள் படகு ஓடுகிறது, இரண்டரை மணி நேரம் போல. கட்டணம் பஸ் காசு அளவுதான். ஒவ்வொரு படித்துறையிலும் நின்று சந்தைக்குப் போகிறவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றுகிறது. பக்கத்தில் இருந்த அம்மா மடியில் ஒரு தாராவை வைத்திருந்தா. காசை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை, ஆனால் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டும் என்றால் அந்தப் படகில் போங்கள். உங்கள் பெரியம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும்.

பாலையூற்று

எல்லோரும் எழுதுகிறீர்கள், ஒருவராவது கழிப்பறையைப் பற்றிச் சொன்னீர்களா? வயதான அம்மாவோடு போக யோசிக்கிறேன். அப்புறம், பெரியம்மா திரும்ப வருவாவா?

உப்புவெளிக்காரி

மன்னிக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டிய விசயம். போட்டில் ஒன்றும் கிடையாது. வழியில் இறங்கவும் நல்ல இடம் இல்லை, முதலை வேறு. நாங்கள் ஐந்து மணித்தியாலம் தண்ணீரில் இருந்தோம். மாமி கடைசி ஒரு மணித்தியாலம் யாரோடும் பேசவில்லை, கரையேறியதும் முதல் வீட்டுக்கு ஓடினா. அந்த வீட்டு ராத்தா (அக்கா) ஒன்றும் கேட்காமல் வாளியைக் கையில் கொடுத்தா. அம்மாவோடு என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள், வாய்ப்பக்கம் போகாமல் வளைவு வரைக்கும் போய்த் திரும்புங்கள். குடை கொண்டுபோங்கள், ஃபைபரில் வெயில் பட்டால் இருக்க முடியாது.

பெரியம்மா நானாவின் நம்பரைத் தானே கேட்டு வாங்கி வைத்திருக்கிறா. போட்டுக்கு இல்லை. நண்டுக்கு.