தேர்தல் ஆய்வில் 'வேலன்ஸ்': நிறைவேற்றுதிறன்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வாக்காளர் ஒரு கட்சியை விட்டு இன்னொன்றின் பக்கம் ஏன் சாய்கிறார் என்பதை விளக்கப் பயன்படும் 'வேலன்ஸ்' (valence) என்ற சொல்லுக்குத் தமிழில் 'இணைதிறன்' என்றே எழுதலாம் என முந்தைய மடலில் ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது வேதியியல் பாடநூலில் வேரூன்றிவிட்ட சொல். தேர்தல் கட்டுரையில் அதைப் படிப்பவர் கூட்டணிப் பேரத்தைத்தான் நினைப்பார்.

1963-இல் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் டொனால்ட் ஸ்டோக்ஸ் தேர்தல் பிரச்சினைகளை இரண்டாகப் பிரித்தார். கட்சிகள் எதிரெதிர் நிலை எடுப்பவை ஒரு வகை. எல்லாருக்கும் விருப்பம் ஒன்றாகவே இருக்க, அதைச் செய்து தரக்கூடியவர் யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபடுபவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்குத்தான் 'வேலன்ஸ்' என்று பெயர். இரண்டுக்கும் நம் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதிப் பக்கமே சான்று கிடைக்கிறது. 2011-இல் இடிந்தகரைப் போராட்டம் வலுத்தபோது, கூடங்குளம் அணுஉலை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இருந்தார்கள். அது முதல் வகை. தாமிரபரணியின் வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு இணைத்து வறண்ட தேரிக்காட்டுப் பக்கம் கொண்டுசேர்க்கும் கால்வாயோ இரண்டாம் வகை. அது வேண்டாம் என்று சொல்லித் திசையன்விளையில் எவரும் ஓட்டுக் கேட்க முடியாது. 2009-இல் தொடங்கிய வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்ததால், "யாரு வந்தா தண்ணி வரும்?" என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

'ஒருமித்த பிரச்சினை' என்ற மற்றொரு பரிந்துரை, விருப்பம் ஒன்று என்பதைச் சொல்கிறதே தவிர, வாக்கு ஏன் பிரிகிறது என்பதைச் சொல்லவில்லை. மேலும், வேட்பாளரின் திறமை, நேர்மை பற்றிய மதிப்பையும் ஆய்வாளர்கள் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். ராதாபுரத்தில் மு. அப்பாவு 1996-இல் த.மா.கா.விலும், 2001-இல் சுயேச்சையாகவும், 2006-இல் தி.மு.க.விலும் நின்று வென்றதை ஆராய்பவருக்கு, கட்சிக்கும் ஆளுக்கும் பொருந்தும் சொல் வேண்டும். 'ஒருமித்த வேட்பாளர்' என்றால் போட்டியின்றித் தேர்வானவர் என்றாகிவிடும்.

'சாதிப்புத்திறன்' பொருளளவில் நெருங்கி வருகிறது. ஆனால் நம் மாவட்டத்துத் தேர்தல் கட்டுரையில் 'சாதி' என்று தொடங்கும் சொல்லை யார் எப்படிப் படிப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆகவே 'நிறைவேற்றுதிறன்' என்பதை முன்வைக்கிறேன். இருவகைப் பிரச்சினைகளையும் 'நிலைப்பாட்டுப் பிரச்சினை', 'நிறைவேற்றப் பிரச்சினை' என இணையாகவும் வழங்கலாம். ஊழல் ஒன்றுதான் இடிக்கிறது: கையூட்டு வாங்காதிருப்பதை நிறைவேற்றம் என்பதில்லை. 'நம்பகம்' என்றால் அதுவும் அடங்கும். ஆயினும் திறமை என்ற பாதி நழுவிவிடுகிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை 'நிறைவேற்றுதிறன்' நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கட்டும்.