யூதாஸின் காலை இயேசு கழுவினாரா, இல்லையா?

பாளை வாசி:
இன்று காலை எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு தினதியானம் வந்தது. கடைசி இராப்போஜனத்தில் இயேசு சீஷருடைய கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்தை வைத்துத் தாழ்மையைப் பற்றி எழுதியிருந்தார்கள். முதல் பத்தி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இப்படி ஒரு வரி: "இயேசு பதினொரு பேரின் கால்களைத்தான் கழுவினார், யூதாஸின் காலைத் தொடவில்லை. ஆகவே துரோகிகளிடம் தாழ்ந்துபோக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை."

எனக்கு அதற்குமேல் காபி இறங்கவில்லை. இதை எழுதியவர் அதிகாரத்தை முழுதாக வாசித்தாரா? 5ஆம் வசனத்தில் கழுவத் தொடங்குகிறார். 12ஆம் வசனத்தில் கழுவி முடித்து, வஸ்திரங்களைத் தரித்துக்கொண்டு திரும்ப உட்காருகிறார். அவரைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸ் அவர் கையிலிருந்து துணிக்கையை, அதாவது அப்பத்துண்டை, வாங்குவது 26ஆம் வசனத்தில். எழுந்து வெளியே போவது 30ஆம் வசனத்தில். கழுவி முடிக்கிறவரைக்கும் அவன் பந்தியில்தான் இருந்தான். இருந்தவன் காலைக் கழுவாமல் தாண்டிப்போனார் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? இதைக் குழுவில் போட்டவர் இங்கேயும் எழுதுகிறவர்தான். வந்து சொல்லட்டும்.

பெரேயன்:
போட்டவன் நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. யூதாஸ் காலைக் கழுவினார் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? அதை நீங்கள் முதலில் காட்டுங்கள், பிரதர்.

8ஆம் வசனத்தில் சீஷனாகிய பேதுருவிடம், "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்கிறார். கழுவினால் பங்கு உண்டு என்றுதானே அர்த்தம்? யூதாஸுக்கு அவரிடத்தில் பங்கு உண்டா? அப்படியென்றால் எப்படிக் கழுவியிருப்பார்? 10ஆம் வசனத்தில் "நீங்களும் சுத்தமாயிருக்கிறீர்கள்; ஆகிலும் எல்லாரும் அல்ல" என்கிறார். சுத்தமாகாத ஒருவன் இருந்தான். கழுவப்படாததால்தான் சுத்தமாகவில்லை. தினதியானம் எழுதியவர் இருபது வருஷம் ஊழியம் செய்தவர். அவரைக் கேள்வி கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்கலாம்.

பாளை வாசி:
அவர் எத்தனை வருஷம் ஊழியம் செய்தார் என்று நான் கேட்கவில்லை. யூதாஸ் கால் எங்கே போனது என்று கேட்டேன்.

தண்ணீர் பட்டால் உடனே சுத்தம் என்று உங்களுக்கு யார் சொன்னது? 11ஆம் வசனம் காரணத்தையே சொல்கிறது. தம்மைக் காட்டிக்கொடுக்கிறவனை அவர் அறிந்திருந்ததால் அப்படிச் சொன்னார். அவனைக் கழுவாததால் அப்படிச் சொன்னார் என்று இல்லை. 2ஆம் வசனத்திலேயே பிசாசு அவன் இருதயத்தைத் தூண்டியாயிற்று. அது தெரிந்துதான் சீலையை எடுத்து அரையில் கட்டுகிறார். இதுதானே கிருபை! தகுதி பார்த்துக் கொடுப்பதற்குக் கிருபை என்ற பெயர் எதற்கு?

லெந்து நாள்:
ஐயா, நான் இங்கே புதிது. தாழ்மை என்றால் என்ன, கிருபை என்றால் என்ன என்று இரண்டு பேரும் முதலில் சொல்லிவிட்டுப் பேசினால் என்னைப் போன்றவர்களுக்குப் புரியும்.

பெரேயன்:
சினாய் கைப்பிரதி கேள்விப்பட்டிருக்கிறீர்களா, பாளை பிரதர்? நான்காம் நூற்றாண்டில் கிரேக்கில் எழுதப்பட்ட வேதாகமப் பிரதி. அதில் 10ஆம் வசனத்தில் கால்களை மாத்திரம் என்ற சொற்களே கிடையாது. முழுகினவன் கழுவ வேண்டியதில்லை என்றுதான் வருகிறது. ஆக அங்கே பேசப்படுவது கால் அல்ல, விசுவாசத்தால் வரும் ஆவிக்குரிய மறுபிறப்பு. காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் மூலமொழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பாளை வாசி:
காலைப் பற்றி எழுதியது உங்கள் தினதியானம்! "யூதாஸின் காலைத் தொடவில்லை" என்று அதில்தான் இருக்கிறது. இப்போது கால் முக்கியம் இல்லையா?

கிரேக்கு படித்த பெருமையைப் போன லெந்து (ஈஸ்டருக்கு முந்தின உபவாச) நாட்களிலேயே பார்த்தோம். பாடகர் குழுவின் அங்கி வெள்ளையாக இருக்க வேண்டுமா என்ற பேச்சிலும் நீங்கள் கைப்பிரதியைத்தான் எடுத்தீர்கள். சரி, நீங்கள் சொன்னபடியே சினாய் பிரதியை எடுத்துக்கொள்வோம். அதிலும் 5ஆம் வசனத்தில் "சீஷருடைய கால்கள்" இருக்கிறது அல்லவா? யூதாஸ் அன்றைக்கு சீஷனா, இல்லையா?

மறைக்கல்வி டீச்சர்:
இதில் இவ்வளவு சண்டை எதற்கு என்று புரியவில்லை. எங்கள் மரபில் இதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் இருக்கிறது. ஆதித் திருச்சபையின் ஆயரான புனித ஜான் கிறிசோஸ்தோம் யோவான் நற்செய்தி மறையுரையில், இயேசு முதலில் கழுவியது யூதாசின் காலடிகளைத்தான், அதன்பிறகே பேதுருவிடம் வந்தார் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். பேதுருவுக்கும் முந்தி அவன் போய் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது அவர் விளக்கம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல், பாதம் கழுவும் சடங்கு நடக்கும் பெரிய வியாழன் அன்று, ரோமில் இளைஞர் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். இவர் நல்லவரா, இவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டுக் கழுவவில்லை.

சீயோன் மகன்:
சிஸ்டர், சிறைக்குப் போவது நல்லது. ஆனால் கேமரா எதற்கு? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றார் ஆண்டவர்.

மறைக்கல்வி டீச்சர்:
உங்கள் கன்வென்ஷன் சுவரொட்டியில் போதகர் படம் எத்தனை அடி உயரம் என்று நான் கேட்கவில்லை, சகோதரரே. எங்கள் திருச்சபையின் பழைய வழிபாட்டு ஒழுங்கில் ஆண்களின் பாதங்களை மட்டும்தான் கழுவ வேண்டும் என்று இருந்தது. 2016 ஜனவரியில் அதை மாற்றிப் பெண்களையும் சேர்த்தார்கள். எங்கள் பங்குக் கோவிலில் அந்த ஆண்டு மீன் விற்கும் அம்மா ஒருவரை உட்காரவைத்தோம். வெடித்த குதிகால். வெட்கத்தில் சேலையை இழுத்து இழுத்து மூடினார். பங்குச் சுவாமி குனிந்தபோது அந்த அம்மா அழுதுவிட்டார். அதைப் பார்த்தவள் நான். இதைப் படம் காட்டுவது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பெரேயன்:
கிறிசோஸ்தோம் "தோன்றுகிறது" என்றுதானே சொன்னார்? தோன்றுவது வேதம் ஆகாது. மேலும் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். யூதாஸ்காரியோத்து என்றுதான் வேதத்தில் இருக்கிறது.

மறைக்கல்வி டீச்சர்:
உங்கள் வேதத்தில். எங்கள் திருவிவிலியத்தில் யூதாசு இஸ்காரியோத்து. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு அது. அதில் உங்களவர்களும் இருந்தார்கள். நீங்கள்தான் வாசிப்பதில்லை.

பெரேயன்:
வாசிக்காமல் பேசுகிறேன் என்று எதைவைத்துச் சொல்கிறீர்கள்? கிருபை என்ற சொல்லை எடுத்துவிட்டு அருள் என்று போட்டதை வாசித்த பிறகுதான் மூடிவைத்தேன்.

பாளை வாசி:
பேச்சை மாற்றாதீர்கள், இரண்டு பேரும். அருளோ கிருபையோ, அது யூதாஸின் காலுக்குக் கிடைத்ததா?

பெரேயன், 18ஆம் வசனத்தை ஏன் தொடாமல் போகிறீர்கள்? "என்னுடனே அப்பம் புசிக்கிறவன் என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான்." 41ஆம் சங்கீதத்து வார்த்தை. எத்தனையோ வசனம் இருக்க, கழுவி முடித்து உட்கார்ந்த கையோடு ஆண்டவர் குதிகாலைப் பற்றிய வசனத்தை எடுக்கிறார். ஏன்? ஐந்து நிமிஷம் முன்னால் அவர் கையில் இருந்த குதிகால் அது. அவர் துடைத்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதைத்தான் அவன் தூக்கினான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பெரேயன்:
நெஞ்சு அடைப்பது வியாக்கியானம் ஆகாது. அதே 18ஆம் வசனம் எப்படித் தொடங்குகிறது? "உங்களெல்லாரையுங்குறித்து நான் பேசவில்லை." அங்கேயும் அவனைத் தனியே பிரித்துத்தான் பேசுகிறார். உங்கள் வசனமே எனக்குச் சாட்சி.

சீயோன் மகன்:
எனக்கு ஒரு சந்தேகம். காட்டிக்கொடுக்கிறவன் காலைக் கழுவினால் அவனுக்குத் தைரியம்தானே வரும்? எங்கள் தெருவில் ஒருவர் சபைப் பணத்தைச் சுருட்டினார். மன்னித்து மறுபடியும் கணக்கை அவரிடமே கொடுத்தார்கள். மறுபடியும் சுருட்டினார்.

பாளை வாசி:
கணக்கைக் கொடுக்கச் சொல்லி யார் சொன்னது? காலைக் கழுவுவது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார்கள். அப்பாவின் தம்பி பொய்க் கையெழுத்து வைத்து எங்கள் ஒன்றேகால் ஏக்கர் வயலை எழுதி வாங்கிக்கொண்டார். அப்பா அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஏழு வருஷம் கழித்துச் சித்தப்பாவுக்குச் சர்க்கரை முற்றி வலது பாதத்தில் புண். பிள்ளைகள் வெளியூர். வாடை தாங்காமல் சித்தியே ஒதுங்கிவிட்டார்கள். அம்மா தினமும் டூட்டி முடிந்து அவர் வீட்டுக்குப் போவார்கள். நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் பேசின், வெந்நீர், டெட்டால். காலைத் தன் மடியில் ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். விரல் இடுக்கில் பஞ்சைச் சுருட்டி அழுக்கு எடுப்பார்கள். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டுத் திரும்பி வருவோம். அப்போது எனக்குப் பதினோரு வயது, டார்ச் லைட் பிடித்தவன் நான்.

அம்மாவிடம் போய், யூதாஸ் காலை ஆண்டவர் தொடவில்லை, நீங்கள் வீணாகச் செய்தீர்கள் என்று உங்கள் தினதியானம் சொல்கிறது. எனக்குக் கோபம் வராதா?

மறைக்கல்வி டீச்சர்:
உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

சீயோன் மகன்:
வயல் திரும்பி வந்ததா, பிரதர்?

பாளை வாசி:
வரவில்லை. வருவதற்காகச் செய்யவில்லை.

பெரேயன்:
அம்மாவின் சேவையை மதிக்கிறேன். 1 தீமோத்தேயு 5:10இல் பவுல் விதவைகளைப் பற்றி எழுதும்போது பரிசுத்தவான்களுடைய கால்களைக் கழுவியதைச் சொல்கிறார். அங்கேயும் "பரிசுத்தவான்களுடைய" என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். குடும்பக் கதையைக் கொண்டுவந்து வசனத்தை அமுக்குவது நியாயம் இல்லை. இங்கே எல்லாரும் அழுதுவிட்டால் நான் தோற்றுவிட்டேன் என்று ஆகாது. நம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலிலும் நீங்கள் இப்படித்தான் மேடையில் அம்மாவைப் பற்றிப் பேசி ஓட்டு வாங்கினீர்கள்.

பாளை வாசி:
தேர்தலை இழுத்தது நீங்கள்தான் என்பதை எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஓட்டில் தோற்றது இன்னும் உறுத்துகிறது போல. தோற்ற மறுவாரம் ஆலயத்தில் என்னைப் பார்த்துத் தோத்திரம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது யார்? அதற்குத் துணை தேடித்தான் இந்தத் தினதியானத்தைக் குழுவில் போட்டீர்களோ? துரோகியிடம் தாழ்ந்துபோக வேண்டாம் என்றால் அந்தத் துரோகி யார், நானா?

பெரேயன்:
நான் யார் பெயரையும் சொல்லவில்லை. தொப்பி பொருந்துகிறது என்று நீங்களே எடுத்து மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வது?

லெந்து நாள்:
ஐயா, பெரிய வியாழன் ஆராதனைக்கு நீங்கள் இரண்டு பேருமே எங்கள் ஆலயத்துக்கு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். கால் கழுவும் பன்னிரண்டு பேர் பட்டியலில் இரண்டு பேரின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

பெரேயன்:
பட்டியலைப் போட்டவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். பாளை பிரதர், 8ஆம் வசனத்துக்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கழுவப்பட்டவனுக்குப் பங்கு உண்டு. யூதாஸுக்குப் பங்கு இல்லை.

பாளை வாசி:
அது பேதுருவிடம் சொன்னது! 12ஆம் வசனத்தைத் திரும்ப வாசியுங்கள்: "அவர்களுடைய கால்களை அவர் கழுவினபின்பு." பதினொருவருடைய என்று இல்லை, சிலருடைய என்று இல்லை, அவர்களுடைய. லூக்கா 22:21இல் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை பந்தியில் இருக்கிறது. கை பந்தியில் இருந்தால் கால் எங்கே இருந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

பெரேயன்:
"அவர்களுடைய" என்றால் எத்தனை பேர் என்று எண்ணி எழுதவில்லை.

பாளை வாசி:
எழுதத் தேவையில்லை. யூதாஸ் எழுந்து போவது 30ஆம் வசனத்தில். நாளை காலை ஆராதனை முடிந்து வந்து பார்க்கிறேன். அதற்குள் ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் காட்டுங்கள்.

பெரேயன்:
8ஆம் வசனம்.