பள்ளிக் குழுவில் ஒரு ஞாயிறு: மூணாவது டீச்சரும் ஓட்டுக் கட்டடமும்

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் பெற்றோர் வாட்ஸ்அப் குழு, 2025 ஜூன்)

முருகன் திருப்பூர், காலை 7.42
வேற குழுவுல வந்தது: “மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது. இந்த வருடம் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடையாது. 60 பிள்ளைகளுக்குக் கீழ் உள்ள பள்ளிகள் மூடப்படும். அனைவருக்கும் பகிரவும்.”
பாண்டியன் சார், இது நிஜமா? நம்ம பள்ளியில 58 தானே?

பாண்டியன் சார், 8.05
முருகா, இதை இதோட நிறுத்திடு, வேற யாருக்கும் அனுப்பாத. பணம் வரலைங்கிறது நிஜம். மத்த ரெண்டும் பொய்.

பாண்டியன் சார், 8.11
வராதது சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கு மத்திய, மாநில அரசு சேர்ந்து நடத்துற திட்டம்) பணம். அதுல மத்திய அரசு பங்கு 60, மாநிலம் 40. பிஎம் ஸ்ரீ (மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா தேசியக் கல்விக் கொள்கையை ஏத்துக்கிட்டதா ஆகும்னு தமிழ்நாடு போடல. அதனால 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி நிக்குது. போன மாசம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டு வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டிருக்கு.
நம்ம பள்ளியோட ரெண்டு பணியிடத்துக்கும் சம்பளம் மாநிலக் கருவூலத்துல இருந்து வருது. அதுக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் பணம் நின்னா அடிபடுறது வட்டார வள மையத்து ஆட்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வர்ற சிறப்பாசிரியர், பகுதிநேர ஆசிரியர், பயிற்சி, பள்ளி மானியம், தனியார் பள்ளியில ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குற 25 சதவீத இடத்துக்கு அரசு கட்டுற தொகை. இதுவே சின்ன விஷயம் இல்ல. ஊனமுள்ள பிள்ளைக்கு வாரம் ஒருதரம் வர்றவங்க வரலைன்னா அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்புன்னு நினைச்சுப் பாருங்க.

பாண்டியன் சார், 8.14
60க்குக் கீழ இருந்தா மூடணும்னு எந்த உத்தரவும் கிடையாது. ஆனா 60ங்கிற எண்ணுக்கு வேற ஒரு அர்த்தம் இருக்கு, அது நமக்கு ரொம்ப முக்கியம்.

செல்வி அக்கா (எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்), 8.20
சொல்லுங்க சார். ஹெச்எம் மேடமும் ‘மூணு பிள்ளை, மூணு பிள்ளை’ன்னு சொல்லிட்டே இருக்காங்க.

பாண்டியன் சார், 8.29
கல்வி உரிமைச் சட்டம் 2009, அதோட அட்டவணை. 1 முதல் 5 வகுப்பு வரைக்கும்:
60 பிள்ளை வரை 2 ஆசிரியர்
61 – 90: 3
91 – 120: 4
121 – 200: 5
150க்கு மேல போனா அஞ்சு பேரோட தலைமை ஆசிரியர் தனி.
58க்கும் 61க்கும் நடுவுல ஒரு முழு ஆசிரியர் இருக்காரும்மா. இப்ப ரெண்டே பேர் அஞ்சு வகுப்பைப் பார்க்கிறாங்க. எண்ணும் எழுத்தும் திட்டத்துல 1, 2, 3 வகுப்பைச் சேர்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறாங்க. அதை ஒரு டீச்சர் செய்றப்போ 4, 5ஆம் வகுப்பு ஹெச்எம் கையில. அவங்க கூட்டத்துக்குப் போற நாள்ல அந்த ரெண்டு வகுப்புக்கும் ஆள் இல்ல.

கவிதா, 8.33
எந்தத் தேதி கணக்கு சார்?

பாண்டியன் சார், 8.36
ஆகஸ்ட் 1. அன்னைக்கு எமிஸ்ல (கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) எத்தனை பேரோ அதை வச்சுத்தான் பணியாளர் நிர்ணயம். வகுப்புல 62 பேர் உட்கார்ந்திருந்து எமிஸ்ல 59 இருந்தா 59தான். ஆகஸ்ட் 10ஆம் தேதி சேர்த்தா அடுத்த வருஷக் கணக்கு.

செல்வி அக்கா, 8.41
பால்வாடியில நாலு பேர் இருக்காங்க. அவங்களைக் கணக்குல சேர்க்கலாமா?

பாண்டியன் சார், 8.44
பால்வாடி, எல்கேஜி கணக்குல வராது, ஒண்ணாம் வகுப்புல இருந்துதான். ஆனா ஜூலை 31க்குள்ள 5 வயசு முடியுற பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழைப் பாருங்க. வயசு நிறையாததைச் சேர்த்துடாதீங்க. எண்ணிக்கைக்காகச் சின்னப் பிள்ளையை இழுத்துட்டு வந்தா கஷ்டப்படுறது அந்தப் பிள்ளை.

செல்வி அக்கா, 8.52
பார்த்தேன் சார். ரெண்டு பேருக்கு முடியுது. ஒண்ணு மே மாசம், ஒண்ணு ஜூலை 9. அப்போ 60.

கவிதா, 8.55
கீழத்தெருவுல ரெண்டு பசங்க தனியார் பள்ளியில இருந்து இங்க வந்துட்டாங்க. வந்து ரெண்டு வாரம் ஆச்சு. எமிஸ்ல ஏறவே மாட்டேங்குதுன்னு டீச்சர் சொல்றாங்க. அவங்க வந்தா 62.

பாண்டியன் சார், 9.03
ஊருக்கு ஊரு சிக்கல் இங்கதான் வரும் கவிதா. பழைய பள்ளி எமிஸ்ல அந்தப் பசங்களைத் தன் பட்டியல்ல இருந்து பொதுத் தொகுப்புக்கு விடணும். விட்டாத்தான் நம்ம ஹெச்எம் எமிஸ் எண்ணைப் போட்டு இழுக்க முடியும். ஃபீஸ் பாக்கின்னு சொல்லி டிசியும் தராம, தொகுப்புலயும் விடாம வச்சிருப்பாங்க.
இப்படிச் செய்ங்க:
முதல்ல பெற்றோர் பழைய பள்ளிக்கு எழுத்துல ஒரு கடிதம் கொடுக்கட்டும், நகல்ல கையெழுத்து வாங்கிக்கட்டும். கையெழுத்துப் போடலைன்னா பதிவுத் தபால்.
அந்த நகலை இணைச்சு ஹெச்எம் மேடம் பிஇஓவுக்கு (வட்டாரக் கல்வி அலுவலர்) எழுதணும், பையனோட எமிஸ் எண், பழைய பள்ளியோட யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்) ரெண்டும் போட்டு. எண் இல்லாத கடிதம் அப்படியே கிடக்கும்.
டிசி வரலைன்னு சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாதுன்னு சட்டத்தோட 5ஆம் பிரிவு சொல்லுது. ஃபீஸ் வசூலுக்கு டிசியைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியாச்சு. இந்த ரெண்டையும் கடிதத்துல ஒரு வரியா எழுதச் சொல்லுங்க.
ஒரு வாரத்துல நகரலைன்னா 14417க்குப் போன் பண்ணி, புகார் எண்ணைக் குறிச்சு வைங்க.

முருகன் திருப்பூர், 9.10
62 வந்துட்டா ஆகஸ்ட்லயே புது டீச்சர் வந்துடுவாங்களா சார்?

பாண்டியன் சார், 9.16
வரமாட்டாங்க தம்பி. கணக்கு முடிஞ்சா நம்ம பள்ளிக்கு ஒரு பணியிடம் தேவைன்னு வரும், அவ்வளவுதான். வேற எங்கேயாவது உபரி ஆசிரியர் இருந்தா பணிநிரவல்ல வருவாங்க. அது எப்ப நடக்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரைக்கும் மாற்றுப் பணியில வாரம் ரெண்டு, மூணு நாளைக்கு ஒருத்தரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தேவைன்னு பதிவான பிறகு கேட்டா பிஇஓவுக்கும் மேலே எழுத ஒரு பிடி இருக்கும். இப்ப கேட்டா ‘உங்க பள்ளிக்கு ரெண்டுதான்’னு சொல்லி முடிச்சிடுவாங்க.

கவிதா, 9.19
எஸ்எம்சி மூலமாத் தற்காலிக ஆசிரியர் போடுறாங்களே?

பாண்டியன் சார், 9.24
2022ல ஆரம்பிச்சாங்க. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 கொடுத்தாங்க, பிறகு 12,000 ஆச்சு. ஆனா அது அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியா இருந்து, அரசு உத்தரவு போட்டாத்தான். நம்மகிட்ட காலியிடமே இல்லையே. ஊர்ல காசு வசூல் பண்ணி யாரையாவது உட்கார வைக்கிற யோசனை வேண்டாம். நாலு மாசம் ஓடும், அஞ்சாவது மாசம் வசூல் நிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணுக்கு யார் பதில் சொல்றது?

சேகர் மாமா (ஒன்றிய இன்ஜினியர், ஓய்வு), 9.40
எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்க 62 வந்தா உட்கார வைக்க இடம் வேணுமே. அந்த ஓட்டுக் கட்டடம் என்ன ஆச்சு செல்வி?

செல்வி அக்கா, 9.46
அப்படியேதான் இருக்கு மாமா. கல்வி அலுவலகத்துல மூணு தரம் மனு கொடுத்தாச்சு. ‘பரிந்துரை செய்கிறோம்’னு சொல்றாங்க.

சேகர் மாமா, 9.58
மனு தப்பான வாசல்ல நிக்குதும்மா. இது ஒன்றியப் பள்ளி. டீச்சர் கல்வித் துறை ஆள், கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தோட சொத்து. செங்கல் ஒண்ணைப் பெயர்க்கணும்னாலும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்தான். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளின்னாதான் பொதுப்பணித் துறை. பிஇஓ பரிந்துரைதான் பண்ண முடியும், எஸ்டிமேட் போட அவர்கிட்ட இன்ஜினியர் கிடையாது. இதைத் தெரியாம எத்தனை ஊர்ல வருஷக்கணக்கா மனு எழுதிட்டு இருக்காங்க, நினைச்சா வேதனையா இருக்கு.

சேகர் மாமா, 10.07
இப்ப ஒன்றியக் கவுன்சிலரும் கிடையாது, ஊராட்சித் தலைவரும் கிடையாது. நம்ம மாவட்டத்துல 2025 ஜனவரி 5ஓட அவங்க பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பார்க்கிறார். அதனால யார் மூலமாவும் சொல்லி விடாம, எழுத்துல கொடுக்கிறது இப்ப ரொம்ப அவசியம்.

முருகன் திருப்பூர், 10.12
மாமா, இடிக்கணுமா, ரிப்பேர் பண்ணலாமா? நான் போன தரம் வந்தப்போ சன்னல் மூலையில இருந்து விரிசல் மேல போயிருந்துச்சு.

சேகர் மாமா, 10.31
அதை இன்ஜினியர் பார்த்துச் சொல்லணும். ஆனா அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்க பார்த்து வைக்க வேண்டியது நாலு விஷயம்.
விரிசல் பூச்சோட நிக்குதா, சுவரைத் தாண்டி அந்தப் பக்கமும் தெரியுதா? ரெண்டு பக்கமும் தெரிஞ்சா அது பூச்சு விரிசல் இல்ல. சன்னல் மூலையில இருந்து சாய்வா ஏறி, மேல போகப் போக அகலமானா அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குதுன்னு சந்தேகப்படணும்.
விரிசல் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வச்சு ரெண்டு முனையிலயும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சு ஒட்டுங்க, பக்கத்துல தேதி எழுதுங்க. கண்ணாடி உடைஞ்சா விரிசல் இன்னும் நகருது. உடையாத கண்ணாடியும் ஒரு சேதிதான், பழைய விரிசல் அசையாம நிக்குதுன்னு.
கைமரம் (ஓட்டைத் தாங்குற சாய்வு மரம்) சுவர்த் தலையில உட்கார்ற இடத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. ஓடு ஒழுகி ஒழுகி மரம் மக்குறது அங்கதான். நடு மரம் பார்க்க நல்லா இருக்கும், முனை பொடிஞ்சிருக்கும், ஒருநாள் மொத்தமா நழுவும்.
அளவுகோலை விரிசல் பக்கத்துல வச்சுப் போட்டோ எடுங்க. அளவு தெரியாத போட்டோவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.
இதெல்லாம் பெரியவங்க, லீவு நாள்ல, கைக்கெட்டுற இடத்துல மட்டும். ஏணி வச்சு ஓட்டு மேல ஏறாதீங்க.

சேகர் மாமா, 10.34
முக்கியமா, வெள்ளையடிச்சு விரிசலை மூடிடாதீங்க. இன்ஜினியர் வந்தா நல்ல கட்டடம்னு எழுதிட்டுப் போயிடுவார்.

கவிதா, 10.38
மழை வந்தா அங்கதான் 4, 5ஆம் வகுப்பு உட்கார்றாங்க மாமா.

சேகர் மாமா, 10.41
நாளைல இருந்து வேண்டாம். பூட்டிடுங்க, சுத்திக் கயிறு கட்டுங்க. சத்துணவு விறகு வைக்கக்கூட உள்ளே போகக் கூடாது. 2021 டிசம்பர் 17ல நெல்லையில ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு மாணவர்கள் போனாங்க. அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிச்சாங்க. பூட்டினதையும் ஹெச்எம் மேடம் பதிவேட்டுல எழுதி, பிடிஓவுக்கும் பிஇஓவுக்கும் தேதி போட்டுக் கடிதம் அனுப்பட்டும்.

செல்வி அக்கா, 10.50
இடிக்கணும்னு வந்தா என்னென்ன நடக்கும் மாமா?

சேகர் மாமா, 11.04
ஒன்றிய இன்ஜினியர் பார்த்து ‘பயன்படுத்தத் தகுதியில்லை’ன்னு சான்று தருவார். ஓடு, மரம், கம்பி இதுக்கெல்லாம் பழைய பொருள் மதிப்பு போடுவாங்க. மேலிடத்து அனுமதி, அப்புறம் ஏலம், பிறகு இடிப்பு. இடிச்சுட்டு அப்படியே விட்ட ஊர் நிறைய இருக்கு. அதனால இடிக்கக் கேட்கிற மனுவிலேயே புதுக் கட்டடத்தையும் கேளுங்க. ஒன்றியப் பள்ளிக்கு ஊரக வளர்ச்சித் துறையில குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் இருக்கு, பேரையே எழுதிக் கேளுங்க. ரெண்டு வகுப்பறைக்கு 30 லட்சத்துக்கு முன்னபின்ன ஆகும்.

சேகர் மாமா, 11.09
பட்டியல்ல பேர் வந்தும் நின்னு போறதுக்குப் பெரிய காரணம் நிலம். அந்தக் காலத்துல யாரோ வாயால தானம் கொடுத்த இடமா இருக்கும், பட்டா இன்னும் அவங்க தாத்தா பேர்ல. விஏஓகிட்ட ‘அ’ பதிவேடு (ஊர் நிலக் கணக்கு) நகலும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) இப்பவே வாங்குங்க. சர்வே எண், பரப்பு, யார் பேர்ல இருக்கு, மூணும் பாருங்க. பேர் மாறியிருந்தா முதல் வேலை அதுதான். இன்னொண்ணு, எஸ்டிமேட் அந்த வருஷ விலைப்பட்டியல்படி போடுறது. வருஷம் தாண்டினா திரும்பப் போடணும், மறுபடி கோப்பு முதல்ல இருந்து.

முருகன் திருப்பூர், 11.15
இங்க நம்ம ஊர்க்காரங்க 20 பேர் இருக்கோம் மாமா. நாங்க பணம் போட்டாக் கட்டலாமா?

சேகர் மாமா, 11.22
முழுக் கட்டடத்துக்கு உங்க உழைப்புக் காசைப் போடாதீங்க, அது அரசு கட்ட வேண்டியது. சுற்றுச்சுவர், கழிப்பறை மாதிரி வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கு: மக்கள் பங்கு மூணுல ஒண்ணு, மீதி அரசு. 6 லட்சம் வேலைன்னா நீங்க 2 லட்சம். எம்எல்ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கு, அதுலயும் கேட்கலாம். ஆனா எதுக்கும் எஸ்டிமேட் முதல்ல வேணும், வேலைக்கு ஒரே நிதியைத்தான் கேட்கணும். ரெண்டு மூணு இடத்துல ஒரே வேலையைக் கேட்டா ‘அங்க எடுத்திருக்காங்க’ன்னு ஒவ்வொருத்தரும் விட்டுடுவாங்க.

கவிதா, 11.27
பள்ளி மானியம் 25,000 வரும்னாங்களே, அதுல ஓடு மாத்தலாமா?

பாண்டியன் சார், 11.35
31ல இருந்து 100 பிள்ளை வரைக்கும் 25,000. அதுல 10 சதவீதம், அதாவது 2,500, சுத்தம் சுகாதாரத்துக்கு ஒதுக்கியே ஆகணும். மீதி கரண்ட் பில், சாக்பீஸ், குழாய், சுவிட்ச், கற்பித்தல் பொருள், சின்ன ரிப்பேர். பூட்டப் போற கட்டடத்து ஓட்டுல அதைப் போடாதீங்க. நல்லா இருக்கிற கட்டடத்து மாடியில இலை அடைச்சுத் தண்ணி தேங்குது, அந்தக் குழாயை எடுத்து விடுங்க, மழைக்கு முன்னாடி. பணம் கணக்குல வந்தாலும் மார்ச் 31க்குள்ள செலவழிக்காதது திரும்பிப் போயிடும், அதனால எஸ்எம்சி தீர்மானம் இப்பவே தயாரா இருக்கட்டும்.

செல்வி அக்கா, 11.48
வெள்ளிக்கிழமை 3 மணிக்கு எஸ்எம்சி கூட்டம். தீர்மானம் எழுதியிருக்கேன், சரியான்னு பாருங்க:
“1. பள்ளி வளாகத்தில் உள்ள ஓட்டுக் கட்டடத்தை ஒன்றியப் பொறியாளர் ஆய்வு செய்து சான்று வழங்கவும், தகுதியற்றதாயின் இடித்து, குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் இரண்டு வகுப்பறைகள் கட்டித் தரவும் வட்டார வளர்ச்சி அலுவலரைக் கோருவது.
2. தனியார் பள்ளியிலிருந்து வந்த இரு மாணவரின் எமிஸ் பதிவை ஜூலை 15க்குள் முடித்துத் தர வட்டாரக் கல்வி அலுவலரைக் கோருவது.
3. மானியம் வந்ததும் மாடி வடிகுழாய், குடிநீர்க் குழாய் சீரமைப்பு.”

சேகர் மாமா, 11.55
முதல் தீர்மானத்துல சர்வே எண்ணைச் சேரு. விரிசல் போட்டோவும் கட்டடத்தோட நீள அகலமும் இணைப்புன்னு எழுது. மத்தது நல்லா இருக்கு.

பாண்டியன் சார், 11.58
கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே பெற்றோர் செயலியில தீர்மானத்தை ஏத்திடுங்க. நகலோட அடுத்த திங்கள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் ஒரு மனு கொடுத்து எண் வாங்குங்க. ஆகஸ்ட் 15 கிராம சபையிலயும் இதையே தீர்மானமாப் போடணும். ஒரு மாசம் கழிச்சும் பதில் இல்லைன்னா 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு: ஆய்வு நடந்ததா, எந்தத் தேதி, எஸ்டிமேட் நகல். அதுக்கு 30 நாள்ல பதில் தரணும்.

கவிதா, 12.06
கீழத்தெரு அம்மாக்கள் ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டேன் சார். கடிதம் நான் எழுதித் தர்றேன், நாளைக் காலையில பழைய பள்ளிக்குப் போறாங்க. எமிஸ் எண் ஒருத்தருக்குத்தான் தெரியுது.

பாண்டியன் சார், 12.09
பழைய மதிப்பெண் அட்டையில இருக்கும், பார்க்கச் சொல்லும்மா. இல்லைன்னா ஹெச்எம் மேடம் ஆதார் எண்ணை வச்சுத் தேடிப் பார்க்கட்டும்.

செல்வி அக்கா, 12.15
சரிங்க சார். விஏஓ நாளைக்கு 11 மணிக்கு ஆபீஸ்ல இருப்பாராம். ‘அ’ பதிவேடு வாங்க நான் போறேன், சேகர் மாமா கூட வர்றீங்களா?

சேகர் மாமா, 12.17
வர்றேன்மா. பழைய தானப் பத்திரம் பள்ளி பீரோவுல இருக்கான்னு ஹெச்எம் மேடத்தைப் பார்த்து வைக்கச் சொல்லு.