சுண்டெலி ஈரலுக்கு 'இருபாற்சாய்வு' பொருந்துமா?

பேராதனையிலிருந்து:
அன்பின் நண்பர்களே, ஆண் சுண்டெலியின் ஈரலும் பெண் சுண்டெலியின் ஈரலும் குருதிக் கொழுப்பை ஒரே விதமாகக் கையாள்வதில்லை. இந்த ஆண், பெண் வேறுபாட்டுக்குக் கலைச்சொல்லாக 'இலிங்க ஈருருவத்துவம்' என்று எழுதுகிறோம். ஆனால் இங்கே வேறுபடுவது உருவம் அல்ல, பரம்பரையலகுகள் தொழிற்படும் அளவு. பெரும்பாலானவற்றில் அந்த வேறுபாடு 2 மடங்கைக்கூட எட்டாது. 'பால்சார் கொழுப்பு' என்றாலோ பசும்பாலின் கொழுப்பு என்றே வாசிப்பார்கள். 'இருபாற்சாய்வு' என்று வைத்து, ஒவ்வொரு பரம்பரையலகையும் ஆண்சாய்வு, பெண்சாய்வு என்று பிரிக்கலாம்.

ஹட்டனிலிருந்து:
சேர், 'சாய்வு' என்றதும் ஆய்வாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று உயர்தர மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'ஆண்மிகை', 'பெண்மிகை' தெளிவாக இல்லையா?

பேராதனையிலிருந்து:
அதற்குப் 'பக்கச்சார்பு' ஏற்கெனவே இருக்கிறது. 'மிகை' நோயைச் சுட்டும். இதுவோ இயல்பு நிலை. இன்னும் முக்கியமான காரணம், இது நகரக்கூடியது. ஆணில் வளர்ச்சி ஓமோன் விட்டுவிட்டுச் சுரக்கும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குருதியில் ஏறக்குறைய இல்லாமலே போகும். பெண்ணில் அந்த இடைவெளி சுருங்கி, ஓமோன் ஓயாமல் இருந்துகொண்டிருக்கும். ஈரற் கலத்தில் பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தும் ஸ்டாட்5பி என்ற புரதம் இந்தத் தாளத்துக்கு ஏற்பவே தூண்டப்படுகிறது. ஆணின் தோலுக்கடியில் சிறு பம்பு வைத்து ஓமோனை இடைவிடாது செலுத்தினால் ஈரல் பெண் பக்கம் சாய்கிறது. 'மிகை' இந்த நகர்வைச் சொல்லாது.

பதுளையிலிருந்து:
'சாய்வு' எனக்கும் சம்மதம். ஆனால் எஃப்எம்ஓ3 நொதியத்துக்கு அது போதாது. வளர்ந்த ஆண் சுண்டெலியின் ஈரலில் அது இல்லை என்றே சொல்லலாம்; விதையை அகற்றினால் திரும்ப வருகிறது. அதைப் 'பெண்ணுக்கேயுரியது' என்று தனியாக எழுதுவோம்.

வரைவிலக்கணத்தோடு அளந்த நிலைமையும் வர வேண்டும். குருதிக் கொழுப்பை அளக்குமுன் உணவை அகற்றி 4 முதல் 6 மணித்தியாலம் விட்டால் போதும். இரவு முழுவதும் பட்டினி போட்டால் சுண்டெலி மெலிந்து, உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் சேரும். பிறகு அளப்பது பட்டினியைத்தான். அறை வெப்பநிலையையும் விடக்கூடாது. சுண்டெலிக்கு இதமானது 30 பாகை செல்சியஸ் அளவு. நுவரெலியாக் குளிரில் சூடேற்றாத அறையில் வைத்தால் உடலைச் சூடாக்கும் கபிலக் கொழுப்பிழையம் குருதியிலுள்ள ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பை இழுத்து எரித்துவிடும்.

ஹட்டனிலிருந்து:
பம்பு உதாரணத்தோடு போட்டால் மாணவர்களுக்கு விளங்கும், சேர். 'மிகை'யை விட்டுவிடுகிறேன். 'இருபாற்சாய்வு' ஒரே சொல்லாக, ற் சேர்த்து, இடைவெளியின்றி அச்சாகட்டும்.