உறைத் தொட்டி பெயிண்ட் கணக்கு: 83ஆ, 102ஆ, 283ஆ?

மொட்டைமாடி:
வீடு கடலூர் தேவனாம்பட்டினம், கடலுக்கு நாலு தெரு உள்ளே. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சப்போ மாடியில இருந்த பிளாஸ்டிக் டேங்க் பறந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தென்னைமரத்துல மோதிக் கிடந்துச்சு. "இனிமே காத்து தூக்காத மாதிரி ஒண்ணு கட்டுறேன்"னு அப்பா வட்டமா ஒரு கான்கிரீட் பலகை போட்டு, அதுமேல சிமெண்ட் உறை நாலு அடுக்கி, மூடியும் போட்டுத் தொட்டி கட்டினார். இப்போ அதுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கணும்.

பெயிண்டர் சதுர அடிக்கு 22 ரூபாய், மொத்தம் 83 சதுர அடின்னு சொல்றார். பத்தாவது படிக்கிற என் பொண்ணு 102ங்கிறா. நான் போட்டா 283 வருது. குறுக்களவு 5 அடி, உயரம் 4 அடி. நான் போட்டது: 2 × 22/7 × 5 × (5 + 4). சதுர அடியைக் குறைச்சுச் சொல்ற பெயிண்டரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. அதான் பயமா இருக்கு.

பழைய கணக்கு வாத்தியார்:
தம்பி, வாய்பாடு சரி. நீங்க அதுல போட்ட 5தான் தப்பு. குறுக்களவுன்னா விட்டம். 2πr(h + r)ல r என்பது ஆரம், அதாவது பாதி, 2.5 அடி. நாற்பது வருஷமா விடைத்தாள்ல நான் சிவப்பு மையில சுழிச்ச தப்பு இதுதான்.

ஆரத்துக்குப் பதிலா விட்டத்தைப் போட்டா விடை ரெட்டிப்பாகும்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. சுத்துச் சுவர், அதாவது வளைபரப்பு 2πrh, ரெட்டிப்பாகும்: 63 இருக்க வேண்டியது 126 ஆயிடும். மேலும் கீழும் இருக்கிற வட்டம் ரெண்டுலயும் r தன்னாலேயே பெருக்கப்படுறதால அது நாலு மடங்காகும்: 39 இருக்க வேண்டியது 157. கூட்டினா உங்க 283.

சரியாப் போட்டா 2 × 22/7 × 2.5 × 6.5 = 102 சதுர அடி சொச்சம். பாப்பா போட்டது சரி.

மொட்டைமாடி:
ஐயா நன்றி. அவமானமா இருக்கு. அப்போ பெயிண்டரோட 83 எங்கிருந்து வந்துச்சு? அவர் பேனாவையே எடுக்கலை, டேப்பை ஒரு சுத்து சுத்தினார், அவ்வளவுதான்.

பாண்டி பிரஷ்:
அண்ணே, நானும் இதே தொழில்தான், முத்தியால்பேட்டை. நாங்க ஆரம் விட்டம் எல்லாம் பார்க்கிறதில்லை. தொட்டிக்கு மூடி இருக்கும்போது நடுவுல டேப் பிடிச்சுச் சரியான விட்டம் எடுக்க முடியாது. சுத்தளவு எடுத்துடலாம். உங்களுக்கு 15 அடி 9 அங்குலம் வந்திருக்கும். அதை 4 அடி உயரத்தால பெருக்கினா 63. மேல்மூடி ஒரு 20. சேர்த்து 83. மூடியில இருக்கிற ஆள் இறங்குற ஓட்டையை யாரும் கழிக்கிறதில்லை, அது தொழில் வழக்கம்.

சுத்தளவை ஏன் உயரத்தால பெருக்கணும்னு பொண்ணு கேட்டா, பருப்பு டப்பாவைச் சுத்தி ஒரு காலண்டர் தாளை ஒட்டச் சொல்லுங்க. பிரிச்சா செவ்வகம். அதோட நீளம் டப்பாவின் சுத்தளவு, அகலம் உயரம்.

பழைய கணக்கு வாத்தியார்:
அருமை. விட்டமே வேணும்னாலும் அந்தச் சுத்தளவை 7ஆல பெருக்கி 22ஆல வகுத்தா கிடைச்சிடும். உங்க 15¾க்கு 5 அடியும் ஒரு நூல் அளவும் வரும். ஆக அடி வட்டத்தை விட்டா 83, சேர்த்தா 102. தரையில உட்கார்ந்த தொட்டிக்கு அடி வட்டம் வேண்டாம். பெயிண்டர் சொன்னதையே ஒத்துக்குங்க.

சிவில் நெல்லிக்குப்பம்:
ஒரு நிமிஷம். தொட்டி தரையிலயா உட்கார்ந்திருக்கு?

மொட்டைமாடி:
இல்லைங்க. நாலு பில்லர் மேல, மூணு அடி உயரத்துல. கீழே தேங்காய் மட்டை போட்டு வெச்சிருக்கோம்.

சிவில் நெல்லிக்குப்பம்:
அப்போ அடிப்பக்கம் காத்துல தொங்குது. கடலுக்கு நாலு தெருன்னா உப்புக்காத்து முதல்ல கை வைக்கிறது அங்கதான். மழை பட்டாலாவது மேல்பக்கத்து உப்பு கழுவிப் போயிடும், அடியில படிஞ்சது படிஞ்சபடியே இருக்கும். உப்பு கான்கிரீட்டுக்குள்ள இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியை விடப் பருமன், அதனால உப்பி, பூச்சைப் பிளந்து தள்ளும். உங்க தொட்டி நிறைஞ்சா அந்தப் பலகை மேல ஒன்றரை டன்னுக்குக் குறையாம தண்ணி நிக்கும். மட்டையை எல்லாம் எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க.

மொட்டைமாடி:
பார்த்துட்டு வரேன். ரெண்டு இடத்துல உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியுது. கீழேயும் துண்டு துண்டா விழுந்திருக்கு. இத்தனை நாள் மட்டை மேல விழுந்ததால சத்தமே கேட்கலை போல.

சிவில் நெல்லிக்குப்பம்:
பெயிண்டரைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. முதல்ல தொட்டியைக் காலி பண்ணுங்க. கொத்தனாரை விட்டுப் பொக்கையா சத்தம் வர்ற இடத்தை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அப்புறம் ஒட்டுப்பூச்சு. கம்பி மெலிஞ்சு போயிருந்தா பலகையையே மாத்தணும், நேர்ல ஒரு இன்ஜினியர் பார்க்கட்டும். உள்பக்கத்துக்குச் சாதா பெயிண்ட் வேண்டவே வேண்டாம், குடிக்கிற தண்ணி.

மொட்டைமாடி:
கடைசியா ஒரு தகவல். கொத்தனார் வேலை முடிஞ்சுது, பலகை தப்பிச்சுது. பெயிண்டர்கிட்ட அடிப்பக்கமும் சேர்த்துன்னு சொன்னதும், "படுத்துக்கிட்டுத்தான் அடிக்கணும் சார்"னு முகத்தைச் சுளிச்சார், அப்புறம் ஒத்துக்கிட்டார். 100 சதுர அடி, 2200 ரூபாய். பொண்ணுக்கு மட்டும் கோபம், தன்னோட 102ல ரெண்டை ஏன் கழிச்சேன்னு. பில்லர் தலை நாலும் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம், அங்கே பிரஷ் போகாது, மொத்தம் 2¼ சதுர அடின்னு போட்டுக் காட்டினேன். திரும்பப் போட்டுப் பார்த்துட்டு, "இது சரிப்பா"ன்னா.