நைஸ் என்றால் ‘நல்ல’ மட்டும்தானா?

வரிக்குவரி கேட்டது:
மொழிபெயர்ப்பு வேலைக்கு நான் புதியவள். ஒப்பந்தச் சட்டம் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடை விளம்பரம் சட்டப்படி முன்மொழிவு ஆகுமா என்பது ‘எ நைஸ் பாயின்ட்’ என்று அதில் ஒரு வரி. யோசிக்கவே இல்லை, ‘ஆகுமா என்பது நல்ல கருத்து’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். திருத்துகிறவர் ‘நல்ல’ என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் ‘யாருக்கு?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவரிடமே போய் விளக்கம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல்லாயிற்றே இது, எங்கே கோட்டைவிட்டேன்?

மெய்ப்புத்தாள்:
கூச்சம் எதற்கு அம்மா, முப்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிற நானே இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். சட்ட ஆங்கிலத்தில் நைஸ் பாயின்ட் என்பது பாராட்டு இல்லை. இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம், நூலிழையில் தீர்ப்பு மாறிவிடும் என்கிற மாதிரியான கேள்வி அது. ‘ஆகுமா என்பது நுட்பமான கேள்வி’ என்று எழுதுங்கள், வட்டம் போகும். ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று எங்காவது வந்தாலும் அதேதான், நுண்ணிய வேறுபாடு. நைசிட்டி என்ற பெயர்ச்சொல்லிலும் இந்தப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் சிரிப்பீர்கள். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவனை நைஸ் என்றால் மடையன் என்று திட்டியதாகத்தான் அர்த்தம். அப்புறம் எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிற ஆளுக்கு அந்தப் பெயர் போனது. நொட்டை சொல்கிறவன் எதையும் உற்றுப் பார்ப்பான் இல்லையா, அங்கிருந்து துல்லியம், நுட்பம் என்ற பொருள் கிளைத்தது. உங்கள் கட்டுரையில் இருப்பது இந்தக் கிளை. இனிமையானது, நல்லது என்பதெல்லாம் 18-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த கடைக்குட்டி. வீட்டையே இப்போது அதுதான் ஆள்கிறது. ‘சில்லி’ என்ற சொல் நேர் எதிர்த்திசையில் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் அது பாக்கியம் பெற்றவனைக் குறித்தது. இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கிறது.

இரவுப்பணி:
கணினி ஆட்களுக்கு நைஸ் என்றால் வேறு. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு வழிவிட வேண்டும் என்பதை அது சொல்லும். அதே வகை இயங்குதளமான லினக்ஸில் -20 முதல் 19 வரை எண் கொடுக்கலாம். எண் கூடினால் நிரல் ரொம்ப ‘நல்ல பிள்ளை’, அதாவது முன்னுரிமை குறையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல், சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு அவசர வேலைக்கு 19 கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால், வருகிற போகிற எல்லாவற்றுக்கும் வழிவிட்டுக்கொண்டு பாதிகூட ஓடாமல் நிற்கிறது. மெய்ப்புத்தாள் ஐயா சொன்ன அந்த முதல் அர்த்தம் அன்றைக்கு எனக்குத்தான் பொருந்தியது.

பொடிமட்டை:
தமிழில் நாம் இந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வேலையை ஒருவரும் சொல்லவில்லையே! நைசாக அரை என்றால் மையாக அரை. நைசாக நழுவினான் என்றால் யாருக்கும் தெரியாமல். நைஸ் பண்ணுகிறான் என்றால் தாஜா செய்கிறான். இதையெல்லாம் இன்றைய ஆங்கிலத்தில் போய்த் தேடினால் கிடைக்காது. வண்ணப் பொடி அனுப்பும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு, பொடி இன்னும் நைசாக வேண்டும் என்பதை அப்படியே ‘நைஸ்’ போட்டு நான் மின்னஞ்சல் எழுதினேன். ‘எங்கள் பொடி உங்களுக்குப் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது. அடுத்த மூட்டையும் அதே சொரசொரப்பு. அங்கே ‘ஃபைன்’ என்றிருக்க வேண்டும்.

இன்னொன்று, தொனி. எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தவனைப் பார்த்து ஆங்கிலேயர் ‘வெரி நைஸ்’ என்றால், நாம் ‘ரொம்ப அழகு’ என்கிற மாதிரிதான். இதற்கு அகராதி உதவாது, முகத்தைப் பார்க்க வேண்டும்.

வரிக்குவரி:
எல்லோருக்கும் நன்றி. ‘நுட்பமான கேள்வி’ என்று மாற்றி அனுப்பினேன். திருத்துகிறவரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில்: ‘நைஸ்’. இதை எந்தக் கணக்கில் வைப்பது?

மெய்ப்புத்தாள்:
பக்கத்தில் ஆச்சரியக்குறி இருந்ததா, முற்றுப்புள்ளியா?

வரிக்குவரி:
முற்றுப்புள்ளி.

மெய்ப்புத்தாள்:
அப்படியானால் மீதிப் பக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா.