படப் புத்தகம் போடுகிறவரும் அம்மா சொன்ன கதையும்

ஒஸ்லோவிலிருந்து:

நோர்வேயில் சிறுவர் புத்தகம் செய்கிற ஆட்களோடு பழகினவை இருந்தால் எழுதுங்கோ என்று எங்கள் குழுவை நடத்துகிற அக்கா கேட்டிருந்தா. எனக்கு ஒரேயொரு பதிப்பாளரைத்தான் தெரியும். ஆனால் அவரோடு நாலு வருடம் இருந்திருக்கிறேன்.

2009 இல், படித்துக்கொண்டிருந்த காலம், சனிக்கிழமைகளில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பார்சல் கட்டப் போவேன். பதிப்பகம் என்றால் அவரும் மனைவியும்தான். வருடத்துக்கு ஆறேழு புத்தகம், அத்தனையும் படப் புத்தகம். முன்பு பேக்கரியாக இருந்த இடத்தின் பின்னறை. பாண் அடுக்கின தட்டுகளில் இப்போது அச்சுத்தாள்கள்.

முதல் நாளே எனக்கு ஒரு பெரிய தாளைத் தந்து மடிக்கச் சொன்னார். ஒரு பக்கத்தில் எட்டு, மறுபக்கத்தில் எட்டு, மொத்தம் 16 பக்கங்கள். பாதிப் படங்கள் தலைகீழாக நின்றன. நான் மடித்த மடிப்பில் கதையின் முடிவு முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. திருப்பி விரித்து, எந்த மூலை எதோடு சேரும் என்று காட்டித் தந்தார். படப் புத்தகங்கள் ஏன் 32 பக்கம், 48 பக்கம் என்று வருகின்றன என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

ஓவியர் படங்களைக் கொண்டுவந்தால், எழுத்து இருக்கிற இடங்களை வெள்ளைத் துண்டால் மூடிவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார். பிறகு படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் வாசிப்பார். எழுத்தை வாசித்தாலே முழுக் கதையும் வந்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது. "அப்படியென்றால் ஓவியர் எதற்கு?" என்று கேட்பார். ஒரு வாக்கியத்தை வெட்டுவதா விடுவதா என்று மூன்று கிழமை இழுபட்டதும் உண்டு.

எழுத்து எப்போதும் கறுப்பிலேயே இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக நிற்பார். இருண்ட படத்துக்கு மேல் வெள்ளை எழுத்து வடிவாக இருக்கும் என்று ஓவியர்கள் கெஞ்சுவார்கள். விடமாட்டார். காரணம் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரம். அங்கே வசந்தகாலத்தில் நடக்கும் சிறுவர் புத்தகச் சந்தையில் வேற்று நாட்டுப் பதிப்பாளர் ஒருவர் தன் மொழியில் போட உரிமை வாங்கினால், இரண்டு மொழிப் பதிப்பையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கலாம். அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு. எழுத்து கறுப்பென்றால் வண்ணத் தகடுகள் அப்படியே இருக்கும், கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளை எழுத்தென்றால் எல்லாத் தகட்டையும் மாற்றவேண்டும், செலவு ஏறிவிடும்.

அச்சடிப்பது லத்வியாவில், ரீகா நகரத்தில். நோர்வேயில் அடித்தால் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தானே போய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று முதல் தாள்களைப் பார்ப்பார். நீலம் கூடினால் நிறுத்தச் சொல்லுவார். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் வாங்கின சொக்கிலேட்டும் கழித்துப்போட்ட தாள் ஒன்றும் கொண்டுவருவார். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

காசு விஷயத்தையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இவர்கள் எப்படி உயிர் வாழ்கிறார்கள் என்பது விளங்காது. ஐந்தரை மில்லியன் சனமுள்ள நாடு, அதற்குள் நோர்வேஜிய மொழிக்கு இரண்டு எழுத்து நடை. ஒரு சின்னப் பதிப்பகத்தின் படப் புத்தகம் கடையில் சில நூறு பிரதி போனாலே நல்ல வருடம். அரசின் கலாசாரச் சபை தேர்ந்த நூல்களை மொத்தமாக வாங்கிப் பொது நூலகங்களுக்கு அனுப்புகிறது. 1965 இல் தொடங்கிய ஏற்பாடு. சிறுவர் நூலென்றால் ஏறத்தாழ 1,500 பிரதி. தரம் போதாது என்று குழு தள்ளிவிட்டால் அதை 'நுல்லிங்' என்பார்கள், அதாவது பூச்சியமாக்குவது. நான் இருந்த காலத்தில் ஒரு புத்தகத்துக்கு அது நடந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். இருவரும் ஒன்றும் பேசாமல் அன்றைய பார்சல்களைக் கட்டி முடித்தார்கள். அந்த வருடம் இரண்டு புத்தகங்கள் பின்னுக்குப் போயின.

அலுமாரியில் 1899 இல் வந்த ஒரு நூல் இருந்தது, பழைய நோர்வே அரசர்களைப் பற்றி ஸ்நோரே என்பவர் முற்காலத்தில் எழுதிய கதைகள். ஸ்தேனர்சன் என்ற பதிப்பாளர் போட்டது. வேரென்ஷியோல், எகெடியுஸ், முந்தே எல்லாரும் படம் வரைந்த நூல். அடுத்த வருடமே நாடாளுமன்றம் பணம் கொடுத்து மலிவுப் பதிப்பு வரச் செய்தது. அதைத் தடவியபடி, "அப்போதும் பொதுப் பணம்தான்" என்றார். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

இனி நான் எழுத வந்த விஷயம். நாங்கள் 1991 இல் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் போட்ஸ்ஃபியூர் என்ற ஊருக்கு வந்தனாங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை. மாரியில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காது. அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரியாது. நூலகத்தில் படப் புத்தகம் எடுத்துவந்து படங்களைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லுவா. ஒரு புத்தகத்தில் சிவப்புப் பையோடு ஒரு பொடியன் பனிமலை ஏறிப் போவான். தனியாக இருக்கிற அம்மம்மாவுக்குப் புட்டு கொண்டுபோகிறான் என்று அம்மா சொல்லுவா. எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் அதே புத்தகத்தை ஆசிரியை வாசித்தா. பொடியன் அப்பாவோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடுகிறானாம். பையில் இருந்தது அவனுடைய உடுப்பாம். "பிழையாக வாசிக்கிறீங்கள்" என்று எழும்பிச் சொல்லிவிட்டேன்.

இதை ஒரு சனிக்கிழமை அவருக்குச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த பார்சலைக் கீழே வைத்தார். அம்மாவின் கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார், பக்கம் பக்கமாக. நடுவில் எழுத்தே இல்லாத ஓர் இரட்டைப் பக்கம் உண்டு. பொடியன் இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பான். "அதில் என்ன சொல்லுவா?" என்று கேட்டார்.

"அதில் அம்மா ஒன்றும் சொல்லமாட்டா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிவிடுவா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். சில மாதம் கழித்து ஒரு புதிய புத்தகத்தைத் தந்து, "பதினெட்டாம் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது, எடுத்துவிட்டோம். இது உன் அம்மாவுக்கு" என்றார்.

பேர்கனிலிருந்து:

தங்கச்சி, எனக்குப் பதிப்பாளரைத் தெரியாது, ஆனால் நீங்கள் சொன்ன அந்த நூலகப் பிரதிகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரியும். நாங்கள் ஒரு தீவில் இருந்தோம், கணவருக்கு சல்மன் மீன் பண்ணையில் வேலை. 'எபொஸ்' என்ற நூலகக் கப்பல் வரும். 1963 முதல் மேற்குக் கரையோரம் ஓடினது, 2020 இல் நிறுத்திவிட்டார்கள். புத்தகத்தோடு ஒரு நாடகக்காரரும் வருவார். என் மகன் எடுத்த முதல் புத்தகம் அந்தக் கப்பலில்தான். படங்கள் ஈரமாகக்கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான். நிறுத்தினபோது நான் அழுதேன், உண்மையாகவே.

துரொண்ட்ஹெய்மிலிருந்து:

நான் ஓவியம் படித்தவன். இதற்கு எதிரான அனுபவமும் எனக்கு உண்டு. ஒரு பதிப்பகம் என் படங்களை எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு ஒரு வரியில் வேண்டாம் என்றது. காரணம் கேட்டும் பதில் வரவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு வயதான பதிப்பாளர் முக்கால் மணிநேரம் என்னோடு உட்கார்ந்தார். "எழுத்து சொன்னதையே நீ திரும்ப வரைகிறாய்" என்றார். அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அந்த முக்கால் மணிநேரத்தை வைத்துத்தான் இன்றைக்கும் வரைகிறேன். அக்கா, ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்தாவா?

ஒஸ்லோவிலிருந்து:

பார்த்தா தம்பி. இப்போது என் மகளுக்குச் சொல்லுகிறா. மகளுக்கு நோர்வேஜிய மொழி நல்லாக வாசிக்கத் தெரியும், ஆனாலும் எழுத்தைக் கையால் மூடிவிட்டு, "அம்மம்மா, நீங்கள் சொல்லுங்கோ" என்கிறாள். பதினெட்டாம் பக்கம் வந்தால் இருவரும் பேசுவதில்லை. மகள்தான் திருப்புவாள்.